பிரான்காச்சோவுக்குக் கரடி வராது

ஒரு விஷயத்தில் நிபுணன் என்று பெயர் எடுத்துவிட்டால், அந்த விஷயத்தில் வரும் ஆபத்துகள் நம் பக்கம் எட்டிப் பார்க்காது என்றொரு நம்பிக்கை உண்டு. பல் டாக்டருக்குப் பல் வலிக்காது, நீச்சல் வாத்தியார் தண்ணீர் குடிக்க மாட்டார் என்பது மாதிரி. பொதுமக்கள் அப்படி நம்பினால் பாதகமில்லை. நிபுணனே நம்பினால் தீயணைப்பு வண்டி வரும். எனக்கு வந்தது.

நான் கரடி ஆராய்ச்சி செய்பவன். கரடியும் மனிதனும் நேருக்கு நேர் வந்துவிட்டால் கரடி என்ன செய்யும், மனிதன் என்ன முட்டாள்தனம் செய்வான், இரண்டு பேரும் முழுசாக வீடு திரும்ப என்ன வழி என்பதுதான் என் படிப்பு. நீலகிரிக் கரடிகளை வைத்து டாக்டர் பட்டம் வாங்கினேன். (கோவையில் அம்மா, 'பையன் கரடிக்கு வைத்தியம் பார்க்கிறான்' என்று சொல்லிப் பெண் தேடிக்கொண்டிருந்தார். ஏன் அமையவில்லை என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை.) அதன்பிறகு மேல் ஆய்வுக்காக இத்தாலி போனேன். இத்தாலியில் கரடிகள் இருக்கின்றன. நான் போய்ச் சேர்ந்தது பலெர்மோவுக்கு. அது சிசிலித் தீவில் இருக்கிறது. சிசிலியில் ஒரு கரடிகூடக் கிடையாது.

இதில் யாருடைய தவறும் இல்லை. திட்டத்துக்குப் பணம் வாங்கிய பேராசிரியை பலெர்மோக்காரர். கரடிகள் இருப்பதோ கடலுக்கு அந்தப் பக்கம் நடு இத்தாலி மலைகளில். அங்கே மரங்களில் கட்டிய கேமராக்கள் படம் பிடித்து அனுப்பும். நான் பலெர்மோவில் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்து, 'இப்போது கரடி காதைப் பின்னுக்கு மடக்குகிறது', 'இப்போது மனிதன் செல்போனை எடுக்கிறான்' என்று குறிப்பேன். கரடியோடு இத்தனை வருடம் பழகியும் உடம்பில் ஒரு கீறல் இல்லாதவன் நான் ஒருவன்தான் என்று கூட்டங்களில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

தங்கியது பிரான்காச்சோவில். ஊருக்குக் கிழக்கே, பேருந்து பிடித்துப் போகவேண்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் வதனி அக்கா வீட்டில் ஓர் அறை. அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். லிபெர்த்தா பகுதியில் ஒரு வயதான சின்யோராவை, அதாவது இத்தாலிய அம்மாளை, பார்த்துக்கொள்ளும் வேலை. அவர் கணவர் சிவம் அண்ணைக்கு வியா மக்வேதா தெருவில் ஓர் உணவகத்தின் சமையலறை. பொழுது சாயும் நேரத்தில் கிளம்பினால் நடுச்சாமத்துக்கு மேல்தான் வருவார், அதனால் மதியத்தில் தூங்குவார். மகள் ஆரபிக்குப் பதினொரு வயது. தமிழை யாழ்ப்பாணமாகவும் இத்தாலிய மொழியைத் தெருச் சண்டை போலவும் பேசுவாள்.

நான் குடிவந்த முதல் வாரத்தில் சிவம் அண்ணை என்னை உட்காரவைத்து விசாரித்தார். என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன். 

"இஞ்சை கரடி இருக்கோ தம்பி?"

"இல்லீங்கண்ணா."

"அப்ப நீங்கள் நல்லாத்தான் வேலை செய்யிறீங்கள்" என்றார்.

அந்த வீட்டில் ஒரேயொரு பிரச்சினை இருந்தது. அதன் பெயர் மிளகாய்த்தூள். அக்கா கடைத்தூளைத் தொடமாட்டார். மாதத்துக்கு ஒருமுறை செத்தல் மிளகாயும் மல்லியும் தாச்சியில் போட்டு வறுப்பார். வறுக்கும் நாளில் மூன்று மாடிகளில் தும்மல் கேட்கும். மேல்வீட்டு சின்யோரா பீனா பால்கனியில் நின்று, மாதாவையும் அவர் மகனையும் சாட்சிக்கு அழைத்துச் சத்தம் போடுவார். கடைசியில் கட்டடத்து நிர்வாகி வந்து, இன்னும் ஒரு புகார் வந்தால் வீட்டு ஒப்பந்தத்தை நீட்டிக்கமாட்டோம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அக்கா தூள் வறுப்பதை நிறுத்திவிட்டார். பலெர்மோவில் இன்னொரு வீடு, அதுவும் தமிழ்க் குடும்பத்துக்கு, அந்த வாடகையில் கிடைப்பது கரடி கிடைப்பதைப் போலத்தான்.

இந்த நிலைமையில் எனக்கு ஒரு நேர்முகத் தேர்வு வந்தது.

வடக்கே மலைப்பகுதியில் ஒரு வன நிர்வாகம். அங்கே உண்மையிலேயே கரடிகள் இருந்தன, ஊருக்குள்ளும் வந்தன. வனக் காவலர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் கரடிப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க ஆள் வேண்டுமாம். என் பலெர்மோ வேலை அந்தக் கோடையோடு முடிகிறது. வேலை இல்லையென்றால் பெர்மெஸ்ஸோ என்ற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க முடியாது. பெர்மெஸ்ஸோ இல்லையென்றால் கோவை. ஆகவே நான் அந்த வேலையை வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன். புத்திசாலி என்று காட்டினால் போதாது, வீரன் என்றும் காட்டவேண்டும் என்று தோன்றியது. அங்கேதான் பிடித்தது சனி.

கரடி பாய்ந்து வந்தால் அதன் முகத்தில் அடிப்பதற்கு ஒரு குப்பி உண்டு. கொசு மருந்து டப்பா மாதிரி இருக்கும்; உள்ளே இருப்பது மிளகாய்ச் சாறு. சமையலுக்குப் போடுகிற சாறு இல்லை, ஒரு பேருந்து நீளத்துக்கு அப்பால் ஓடிவரும் கரடியை அழவைத்துத் திருப்பி அனுப்புகிற சாறு. ஆய்வுக்கூடத்தில் அனுமதி வாங்கி வைத்திருந்தோம். பழகுவதற்கென்று வெறும் காற்று மட்டும் அடைத்த குப்பிகளும் இருந்தன. ஆய்வுக்கூட மொட்டைமாடியில் தினமும் அவற்றை வைத்துப் பயிற்சி செய்வேன்: இடுப்பு உறையிலிருந்து உருவு, பாதுகாப்புக் கொக்கியைத் தட்டு, அழுத்து. உருவு, தட்டு, அழுத்து. எதிரே கரடிக்குப் பதில் தண்ணீர்த் தொட்டி. அது ஒருநாளும் என்னை வெல்லவில்லை.

தேர்வில் இதை நடித்துக் காட்டுவது என் திட்டம். ஆனால் பயிற்சிக் குப்பியின் மேல் 'பயிற்சிக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதைக் கேமராவுக்கு முன்னால் பிடித்தால் பொம்மைத் துப்பாக்கி பிடித்த மாதிரி இருக்காதா? எனவே நிஜக் குப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கொக்கி இருக்கிறதே, தட்டினால்தானே ஆபத்து, நான் தட்டப்போவதில்லையே. (பிறருக்கு நான் எழுதிக் கொடுத்த பாதுகாப்பு விதிகளில் முதலாவது: நிஜக் குப்பியை வைத்து ஒருபோதும் பழகாதே. இரண்டாவது: மூடிய இடத்தில் கையிலேயே எடுக்காதே. எழுத்து நடை நன்றாக இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள்.)

மதியம் மூன்று மணிக்குத் தேர்வு. அன்று சிரோக்கோ காற்று, ஆப்பிரிக்காவின் மொத்தச் சூட்டையும் கடல் தாண்டிக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தது. கீழே மோட்டார் சைக்கிள் பட்டறைச் சத்தம். அதனால் ஜன்னலைச் சாத்தினேன். கதவைச் சாத்தினேன். மேசை விசிறியைப் போட்டேன். மேலே கோட்டும் டையும். கீழே, கேமராவில் தெரியாது என்ற துணிச்சலில், நீலக் கட்டம் போட்ட லுங்கி. லுங்கிமேல் பெல்ட். பெல்ட்டில் உறை. உறையில் குப்பி. அண்ணை பக்கத்து அறையில் தூக்கம், ஆரபி கூடத்தில் வீட்டுப்பாடம், அக்கா லிபெர்த்தாவில் வேலை.

திரையில் நான்கைந்து பேர் வந்தார்கள். தலைவி ஹெல்கா என்ற அம்மையார். மலைக்காரர், நரைத்த குட்டைமுடி. சிரிப்பதென்றால் அதற்குத் தனியாக விண்ணப்பம் போடவேண்டும் போன்ற முகம். முதல் அரைமணி நேரம் பிரமாதமாகப் போனது. கரடியின் காது, கரடியின் மூக்கு, கரடியின் மனநிலை என்று நான் பொழிந்தேன். அம்மையார் ஒருமுறை தலையைக்கூட ஆட்டினார். பிறகு, தெளிப்பான் குப்பியைப் பயன்படுத்துவதில் மக்கள் செய்யும் பெரிய தவறு என்ன என்று கேட்டார்.

இதற்காகத்தானே காத்திருந்தேன். பதற்றத்தில் கை பழக்கப்படி ஓடாது, கொக்கியைத் தேடியே பலர் நேரத்தை விடுகிறார்கள், ஆனால் முறையாகப் பழகிய கை யோசிக்காது என்றேன். "இதோ பாருங்கள்" என்று எழுந்தேன். (லுங்கியையும் அவர்கள் அப்போதுதான் பார்த்தார்கள்.) உருவினேன்.

என் கை யோசிக்கவில்லை. முறையாகப் பழகியிருந்தது அல்லவா. உருவியதும் தட்டியது, தட்டியதும் அழுத்தியது.

ஒரு செம்மஞ்சள் மேகம் புறப்பட்டுப் போய் எதிர்ச்சுவரில் மோதி என்னிடமே திரும்பி வந்தது. மேசை விசிறி இடமும் வலமும் தலையை ஆட்டி அறையின் எல்லா மூலைக்கும் குறைவில்லாமல் பரிமாறியது. முதலில் கண் போனது. அடுத்து மூக்கு. அப்புறம் தொண்டைக்குள் யாரோ தாச்சியை வைத்து அடுப்பைப் பற்றவைத்தார்கள். கரடிகள்மேல் எனக்கு அதுவரை இருந்தது மரியாதை. அந்த நொடியில்தான் அனுதாபம் வந்தது.

ஜன்னலைத் திறந்திருந்தால் கதை அறையோடு முடிந்திருக்கும். நிபுணன் நான், கதவைத் திறந்தேன்.

கூடத்தில் ஆரபி கத்தினாள். பக்கத்து அறையில் அண்ணை கண்ணைத் திறக்காமலே, "வதனி, தூள் கருகுது" என்றார். அடுத்த நொடி கண்ணைத் திறந்தார், அது தவறு. நான் குப்பியை உறையில் செருகிவிட்டு ஆரபியின் கையைப் பிடித்துக்கொள்ள, அண்ணை என் கோட்டைப் பிடித்துக்கொள்ள, மூன்று பேரும் ரயில் மாதிரி மாடிப்படியில் இறங்கினோம். மேகமும் கூடவே வந்தது. அந்தக் கட்டடத்தின் மாடிப்படிக்கு ஜன்னல் கிடையாது. புகைபோக்கிக்கு என்ன குணமோ அதே குணம். ஒவ்வொரு மாடியிலும் ஒரு கதவு திறந்தது, ஒரு தும்மல் கேட்டது, ஒரு குடும்பம் எங்கள் பின்னால் சேர்ந்தது. தெருவுக்கு வந்தபோது மொத்தக் கட்டடமும் வெளியே நின்றது.

சின்யோரா பீனா தலையில் முடி சுருட்டும் உருளைகளோடு, முகத்தில் ஈரத்துண்டோடு வந்தார். தீயணைப்புக்கு அவர்தான் போன் போட்டிருந்தார். என்ன எரிகிறது என்று அவர்கள் கேட்டதற்கு, 'தமிழர்களின் சமையலறை' என்று சொன்னதாக அவரே எல்லோருக்கும் அறிவித்தார். இந்த முறை நிர்வாகியைக் கூப்பிடப் போவதில்லை, நேராக வீட்டுக்காரரையே கூப்பிடுகிறேன் என்றார். பட்டறை ஆட்கள் ஆமாம் போட்டார்கள்.  சிவம் அண்ணை கண்ணைத் துடைத்தபடி சுவரோரமாக நின்றார். அவர் கண்ணில் வழிந்ததில் எவ்வளவு மிளகாய், எவ்வளவு பயம் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பாக இல்லாத ஒரே இடம் இன்றைக்கும் அதுதான்.

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது. மறுபடி முயன்றேன். கண்ணீராகக் கொட்டியது. 'பாவம், இந்தப் பையனையும் இப்படிப் பண்ணிவிட்டார்கள்' என்று பீனா என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து வதனி அக்கா பேருந்தை விட்டு இறங்கி வந்தார். கையில் காய்கறிப் பை. தெருவில் மொத்தக் கட்டடமும் தன்னையே முறைப்பதைப் பார்த்துப் பையைக் கீழே வைத்தார். பீனா கைநீட்டிப் பேசி முடிக்கும்வரை கேட்டார். பிறகு புருஷனிடம் திரும்பினார்.

"நான் காலமை போனனான், இப்பத்தான் வாறன். அடுப்பே மூட்டேல்லை. என்னெண்டு நான் தூள் வறுத்தது?"

அண்ணை என்னைப் பார்த்தார். அக்காவும் பார்த்தார். கோட், டை, லுங்கி, பெல்ட், உறை, குப்பி என்று ஒவ்வொன்றாக.

"தம்பி," என்றார் மெதுவாக, "உது என்ன இடுப்பிலை?"

இதற்குள் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. எனக்கும் ஒரு கரகரத்த குரல் திரும்பியிருந்தது. தலைமை வீரரிடம் போய், சமையல் இல்லை, நான்தான், இது கரடிக்கு அடிக்கிற மருந்து என்று இத்தாலிய மொழியில் சொன்னேன். அவர் உடனே கட்டடத்தைப் பார்த்தார். கரடி எந்த மாடியில் என்று கேட்டார். கரடி இல்லை என்றேன். பின் எதற்கு அடித்தாய் என்றார். நேர்முகத் தேர்வுக்கு என்றேன். அவர் பக்கத்தில் நின்ற வீரரிடம், இவருக்கு மூச்சு சரியாக இருக்கிறதா பார், மூளைக்குக் காற்றுப் போகவில்லை போலிருக்கிறது என்றார். பீனா தலையசைத்து, நல்ல பையன், தன்னை வைத்திருக்கும் குடும்பத்துக்காகப் பழியை ஏற்றுக்கொள்கிறான் என்றார்.

உண்மையைச் சொல்லியும் ஒருவரும் நம்பாத கொடுமையை அன்று அனுபவித்தேன். சிசிலியில் கரடி கிடையாது என்பது அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். பிரான்காச்சோ அடுக்குமாடியில் கரடி நிபுணன் குடியிருப்பான் என்பதைவிட, தமிழ் வீட்டில் மிளகாய் கருகியது என்பது ஆயிரம் மடங்கு நம்பும்படி இருந்தது.

முகமூடி மாட்டிய ஒரு வீரர் மேலே போய் ஜன்னல்களைத் திறந்தார். திரும்பி வரும்போது கையில் என் மடிக்கணினி. அறைக்குள் யாரோ கத்துவது கேட்டு, ஆள் மாட்டிக்கொண்டார் என்று தேடினாராம். திரையில் ஹெல்கா அம்மையார். என் பெயரைச் சொல்லிக் கத்திக் கத்திக் குரல் கம்மியிருந்தது.

வீரர் கணினியைத் தலைமை வீரர் முன்னால் பிடித்தார். அம்மையார் அவருக்கு எல்லாவற்றையும் விளக்கினார்: இவர் கரடிப் பாதுகாப்பு விஞ்ஞானி, இது தேர்வு, இவர்தான் அடித்தார், நாங்கள் எல்லோரும் பார்த்தோம், பதிவும் இருக்கிறது. கட்டடம் முழுவதும் அந்தத் திரையைச் சுற்றி நின்று கேட்டது. எனக்கு வாய்த்த சாட்சிகளைப் போல உலகத்தில் இன்னொருவனுக்கு வாய்த்திருக்காது. வேலை கொடுக்க வந்தவர்கள், எனக்கு மூளை இல்லை என்று நிரூபித்து, வதனி அக்காவைக் காப்பாற்றினார்கள்.

அதோடு அம்மையார் விடவில்லை. கணினியை என் பக்கம் திருப்பச் சொன்னார்.

"உங்கள் முன்னால் பாதிக்கப்பட்டவர்கள் நிற்கிறார்கள். இப்போது என்ன செய்வீர்கள்? செய்யுங்கள்."

தேர்வு முடியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கண்ணைத் தேய்க்காதீர்கள், முதலில் எல்லோரும் காற்று வரும் பக்கம் நகருங்கள், குளிர்ந்த தண்ணீரால் கழுவுங்கள் என்று சொல்லத் தொடங்கினேன். குரல் எட்டவில்லை. ஆரபி ஒரு மோட்டார் சைக்கிளின்மேல் ஏறி நின்றுகொண்டு, நான் சொன்னதையெல்லாம் பலெர்மோச் சந்தைக் குரலில் திருப்பிக் கத்தினாள். அவள் கண்களும் தக்காளி மாதிரிதான் இருந்தன. பட்டறைக்காரர் குழாயைத் திறந்துவிட்டார். பீனாவை வதனி அக்கா கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் கண்ணைக் கழுவிவிட்டார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் ஒவ்வொருவருக்கும் தண்ணீர் பிடித்தேன். திரையில் அந்த நான்கைந்து பேரும் ஏதோ எழுதிக்கொண்டே இருந்தார்கள். எல்லோரும் ஓரளவு மனிதர்களான பிறகு அம்மையார் சொன்னார்: "நன்றி. முடிவைத் தெரிவிக்கிறோம்."

முடிவு தெரிந்ததுதான். அந்த வேலை வேறு ஒருவருக்குப் போனது. பேராசிரியை என்னிடமிருந்து குப்பிகள் வைத்திருந்த அலமாரியின் சாவியை வாங்கிக்கொண்டார்.  கோவைக்குப் பெட்டி கட்ட ஆரம்பித்திருந்தேன். அந்தச் சமயத்தில் ஹெல்கா அம்மையார் போன் செய்தார். அன்றைய பதிவைப் புதுக் காவலர்களுக்குப் போட்டுக் காட்டலாமா என்று அனுமதி கேட்டார். இதுவரை எந்தப் பாடமும் அவர்கள் மனதில் இப்படிப் பதிந்ததில்லையாம். கூடவே, என்னென்ன தப்பு நடக்கும் என்று அனுபவபூர்வமாகத் தெரிந்த ஆள் நீங்கள்தான், பலெர்மோவில் இருந்தபடியே பயிற்சிப் பாடங்களை எழுதித் தருகிறீர்களா என்றும் கேட்டார். பெர்மெஸ்ஸோ பிழைத்தது. அந்த வேலை ஒப்பந்தத்தில் ஒரு விதி எனக்காகவே சேர்க்கப்பட்டிருந்தது: பணியாளர் எந்தச் சூழ்நிலையிலும் தெளிப்பான் குப்பியைக் கையாளக் கூடாது. கரடிப் பாதுகாப்புத் துறையில் அப்படியொரு தகுதியோடு வேலை பார்ப்பவன் நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

கட்டடத்தில் எனக்கு மன்னிப்புக் கிடைக்கச் சில மாதங்கள் ஆயின. ஒவ்வொரு வீடாகப் போய்ச் சுவர் துடைத்துக் கொடுத்தேன். வதனி அக்கா என்னை வீட்டைவிட்டுப் போகச் சொல்லவில்லை. "அந்த மேல்வீட்டு மனுசி என்ரை கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டது, உங்களாலை" என்று மட்டும் சொன்னார். அது நன்றியா கோபமா என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. அதற்கடுத்த மாதம் அக்கா ஜன்னலைத் திறந்துவைத்துத் தூள் வறுத்தார். மேல் பால்கனியிலிருந்து பீனா எட்டிப் பார்த்து மூச்சை நன்றாக இழுத்து, இது நீயா அந்த விஞ்ஞானியா என்று கேட்டார். நான்தான் என்றார் அக்கா. அப்படியானால் சரி என்று பீனா துணி காயப்போடப் போய்விட்டார். கொஞ்ச நாளில் ஒரு போத்தல் தூள் மேல்வீட்டுக்கும் போகத் தொடங்கியது.

போன வருடம் ஆரபிக்குப் பதினெட்டு வயது. பதினெட்டாவது பிறந்தநாள் அங்கே கல்யாணத்துக்குச் சமம். அக்கா மண்டபம் எடுத்து, கேக்கும் குத்துவிளக்குமாக இரண்டு ஊர் முறையிலும் செய்தார். கட்டடம் முழுவதற்கும் அழைப்பு. வாசலில் நின்று வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளிக்கும் பொறுப்பை அண்ணை எனக்குக் கொடுத்தார். பட்டுவேட்டி கட்டிக்கொண்டு, பன்னீர்ச் செம்பைக் கையில் பிடித்து, முகம் நிறையச் சிரிப்போடு நின்றேன்.

பட்டறைக்காரர் குடும்பம்தான் முதலில் வந்தது. செம்பைத் தூக்கினேன். அவர் மனைவியைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டார். அடுத்து வந்த சின்யோரா பீனா கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தைரியமாக ஒரு கையை மட்டும் நீட்டினார். அவருக்குப் பின்னால் வரிசை முழுவதும் காற்று வரும் பக்கமாக ஒதுங்கி நின்றது. சொல்லிக் கொடுத்தவன் நானல்லவா.

உள்ளேயிருந்து வதனி அக்கா வந்து என் கையிலிருந்த செம்பை வாங்கிக்கொண்டார்.

"தம்பி, நீங்கள் கற்கண்டைக் குடுங்கோ."

கொடுத்தேன். ஒவ்வொருவரும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டார்கள்.